ஐசோடோப்புக்கு எந்த ஸ்டாண்டர்டு வாங்கறது? (காரை பெலம்னைட்ல ஆரம்பிச்ச பேச்சு)

3 ஜூன், மாலை 6.10: வந்த கேள்வி

அக்கா, பெரம்பலூர் பக்கம் காரைல பொறுக்கின பெலம்னைட் (கணவாய் மீன் மாதிரி அழிஞ்சு போன கடல் உயிரியோட புதைபடிவம்) 60 சாம்பிள் கைல இருக்கு. கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப் (ஒரே தனிமத்தோட கனமான, லேசான அணுக்கள்) பார்த்து டைனோசர் இருந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலோட வெப்பநிலை போடணும். என்பிஎஸ் 19ங்கற ஸ்டாண்டர்டு, அதாவது நம்பர் தெரிஞ்ச ஒப்பீட்டுப் பொடி, ஒரு பாட்டில் இருந்தா போதும்னு கைடு சொல்றார். தேடிப் பார்த்தா அது ஸ்டாக்லயே இல்லயாம். வேற லேப்ல இருக்கவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை வாங்கறது, எத்தனை வாங்கறது?

3 ஜூன், இரவு 11.40

தம்பி, பட்டியல் போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லுங்க. சாம்பிள்ல எவ்வளவு டிரில் பண்ணி எடுக்கப் போறீங்க, மில்லிகிராமா, மைக்ரோகிராமா? பொடியைக் கரைச்சு வாயு எடுக்கற ஆசிட் எந்த டிகிரில? நம்பர் எந்த ரேஞ்சுல வரும்னு எதிர்பார்க்கறீங்க? இந்த மூணுக்கும் பதில் தெரியாம ஸ்டாண்டர்டு வாங்கறது காலை அளக்காம செருப்பு வாங்கற மாதிரி. இப்போதைக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஒண்ணே ஒண்ணு போதாது, கைடு சொன்னாலும் போதாது.

4 ஜூன், காலை 7.15

தூக்கம் வரல, அதனால கதையை ஆரம்பத்துலேர்ந்தே சொல்றேன். உங்க சாம்பிளைக் கேட்டதும் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம்னு அப்போ புரியும். கார்பனுக்கு சைபர்னு நாம வச்சிருக்கமே, அந்த பிடிபி, அதுவே ஒரு பெலம்னைட் தான். அமெரிக்காவுல சவுத் கரோலினாவுல பீ டீ ஃபார்மேஷன்னு ஒரு கிரெட்டேசியஸ் பாறை, அதுல கிடைச்ச பெலம்னிட்டெல்லா அமெரிக்கானா. சிகாகோவுல ஹெரால்ட் யூரியோட குழு பழைய கடலோட வெப்பநிலையைக் கண்டுபிடிக்க வழி தேடினப்ப அதை ஆசிட்ல கரைச்சு வந்த வாயுவை ஒப்பீட்டுக்கு வச்சுக்கிட்டாங்க. நீங்க இப்ப காரைல பொறுக்கிக்கிட்டு வந்து கேக்கற அதே கேள்விக்காக, அதே குடும்பத்து உயிரியோட ஓட்டை வச்சு.

அந்தப் பொடி ரொம்ப நாளைக்கு முன்னாடியே தீர்ந்து போச்சு. உலகத்துல எல்லாரும் எதோட ஒப்பிட்டு நம்பர் சொல்றமோ அந்தப் பொருளே கையில கிடையாது. அப்புறம் வெள்ளை மார்பிள் ஸ்லாப் ஒண்ணை பொடிச்சு என்பிஎஸ் 19னு பேர் வச்சாங்க, ஃப்ரீட்மன், ஓ'நீல், செபுலா மூணு பேரும் 1982ல எழுதியிருக்காங்க. 1985ல வியன்னாவுல சர்வதேச அணுசக்தி முகமையோட (ஐஏஇஏ) ஆலோசனைக் கூட்டத்துல, 1987ல வந்த அதோட அறிக்கைல, இதுக்கு கார்பன் +1.95, ஆக்சிஜன் −2.20, இது இவ்வளவு தான்னு கட்டிப் போட்டாங்க. (நம்பர் எல்லாம் பெர் மில், அதாவது ஆயிரத்துல இத்தனை பங்கு வித்தியாசம். பிளஸ்னா கனம், மைனஸ்னா லேசு.) அப்படி வந்தது தான் விபிடிபி, முன்னாடி இருக்கற வி வியன்னாவுக்கு. கவனிங்க, அந்த +1.95க்கு அன்சர்டெய்ன்ட்டியே (கூடக் குறைய இவ்வளவு இருக்கலாம்ங்கற வரம்பு) கிடையாது, ஏன்னா அது அளந்த நம்பர் இல்ல, வரையறை.

அதுவும் தீர்ந்துச்சு. இப்ப அதோட இடத்துல இருக்கறது ஐஏஇஏ-603, அதுவும் மார்பிள் தான், இத்தாலியோட கராரா மார்பிள். கார்பன் +2.46, ஆக்சிஜன் −2.37. இதுக்கு அன்சர்டெய்ன்ட்டி உண்டு, ஏன்னா இது என்பிஎஸ் 19ஐ வச்சு அளந்தது. உங்க கைடு சொன்னதோட இன்னிக்கு வாரிசு இது தான்.

4 ஜூன், மதியம் 1.30

ஒண்ணு ஏன் போதாதுங்கறதுக்கு கணக்கு போட்டுக் காட்டறேன், வாய்ல சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

ஐசோடோப்பை அளக்கற மெஷின், மாஸ் ஸ்பெக், ரெண்டு தப்பு பண்ணும். ஒண்ணு, எல்லா நம்பரையும் ஒரே அளவுக்கு நகர்த்தி வைக்கும். இன்னொண்ணு, ஸ்கேலையே கொஞ்சம் சுருக்கிடும், அதாவது 20 பெர் மில் வித்தியாசம் இருக்கற ரெண்டு பொருளை 19.7 வித்தியாசம்னு காட்டும். முதல் தப்பை ஒரு ஸ்டாண்டர்டு வச்சு சரி பண்ணலாம். ரெண்டாவதுக்கு ரெண்டு வேணும், ரெண்டும் தூரமா இருக்கணும்.

இன்னிக்கு ரன்ல (மெஷின்ல ஒரு தடவை வரிசையா ஓட்டறது) 603 உங்களுக்கு ஆக்சிஜன் −2.30 காட்டுச்சு, என்பிஎஸ் 18 −22.60 காட்டுச்சுன்னு வைங்க. (18ங்கறது நார்வேல ஃபென்ங்கற இடத்து கார்பனடைட், அதாவது பாறைக்குழம்புலேர்ந்து உறைஞ்ச கார்பனேட் பாறை. 603 மாதிரி கல்சைட், சுண்ணாம்புக் கனிமம் தான், ஆனா ஆக்சிஜன் ரொம்ப லேசு.) உண்மை நம்பர் −2.37, −23.01. அளந்த இடைவெளி 20.30, உண்மை இடைவெளி 20.64. உங்க பெலம்னைட் −4.10 காட்டினா, ஒரே ஸ்டாண்டர்டு வச்சு நகர்த்தினா −4.17, ரெண்டும் வச்சு போட்டா −4.20. வித்தியாசம் 0.03 தான், விட்டுடலாம்னு தோணும். சரி, அதே ரன்ல ஒரு உருமாறின சிமெண்ட் கல்சைட் (கட்டட சிமெண்ட் இல்ல, பாறை இடுக்குல பின்னாடி படிஞ்சது) −12.00 காட்டினா? ஒண்ணை வச்சா −12.07, ரெண்டை வச்சா −12.23. 0.16 போச்சு. 1 டிகிரிக்கு ஏறத்தாழ 0.2லேர்ந்து 0.25 பெர் மில்னு வச்சுக்கிட்டா முக்கா டிகிரி அளவுக்குத் தப்பு, அதுவும் சாம்பிளோட தப்பு இல்ல, நம்ம தப்பு.

அதனால பெலம்னைட் மட்டும் பார்க்கறவங்களுக்கு 603 பக்கத்துலயே இருக்கு, சாதகம் தான். ஆனா கூடவே சுத்தியிருக்கற பாறை, சிமெண்ட், வெயின் எல்லாம் பார்ப்பீங்க, பார்க்கணும், பெலம்னைட் மாறியிருக்கான்னு வேற எப்படித் தெரியும்? அங்க தான் 18 வேணும்.

5 ஜூன், காலை 9.05: நேத்து எழுதினதுக்கு திருத்தம்

என்பிஎஸ் 18க்கு ஆக்சிஜன் −23.01னு எழுதினேன். ஒருத்தர் எங்க சர்டிஃபிகேட்ல −23.2ன்னு இருக்கேன்னு கேட்டிருக்கார். அவர் சொல்றது சரி, ரெண்டு நம்பரும் பேப்பர்கள்ல ஓடுது. நான் பழக்கத்துல பழையதை எழுதிட்டேன்.

அதே கணக்கை −23.2 வச்சு திருப்பிப் போட்டேன். −4.10 காட்டின பெலம்னைட் −4.22, −12.00 காட்டின சிமெண்ட் −12.32. அதே மெஷின், அதே நாள், அதே பொடி, நான் எக்செல்ல ஒரு கட்டத்துல டைப் பண்ணின நம்பர் வேற, அவ்வளவு தான், சிமெண்ட் 0.09 நகர்ந்துடுச்சு. சாம்பிளைத் திருப்பித் திருப்பி ஓட்டி 0.05 கிடைச்சுதுன்னு பெருமையா எழுதுவோம், ஆனா 18க்கு என்ன வேல்யூ போட்டோம்னு எழுத மாட்டோம். பேப்பர் படிக்கறவங்க எப்படி உங்க நம்பரையும் என் நம்பரையும் பக்கத்துல வைப்பாங்க? எந்த ஸ்டாண்டர்டு வாங்கினீங்கங்கறதை விட அதுக்கு என்ன நம்பர் கொடுத்தீங்கன்னு எழுதி வைக்கறது பெருசுன்னு இப்ப எனக்குத் தோணுது. முதல் நாளே சொல்லியிருக்கணும்.

7 ஜூன், இரவு 10.20

இன்-ஹவுஸ் ஸ்டாண்டர்டு தேவையா, 603ஏ அரை கிராம் வருதே, ஒரு வையலுக்கு 200 மைக்ரோகிராம்னா 2500 வையல் ஓட்டலாமேன்னு கேட்டிருக்கீங்க. கணக்கு சரி. ஆனா இந்த பாட்டில் நினைச்சப்ப வாங்கற சாமான் இல்ல, ஒரு லேப்புக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவைங்கற மாதிரி கட்டுப்பாடு போட்டுத் தான் தர்றாங்க. ஒவ்வொரு ரன்னுக்கும் மூடியைத் திறந்து ஸ்பாட்டுலா விட்டா 200வது தடவை உள்ள இருக்கறது சர்டிஃபிகேட்ல எழுதின பொருள் தானான்னு யாராவது உத்தரவாதம் தர முடியுமா?

தினசரி உழைக்க நம்ம சொந்தப் பொடி வேணும். 603ஐயும் 18ஐயும் வச்சு அதை ஒரு தடவை நல்லா, வேற வேற நாள்ல பலமுறை அளந்து நம்பர் கட்டிடணும், அப்புறம் தினமும் அது ஓடும், அவங்க ரெண்டு பேரும் மாசத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துட்டுப் போவாங்க.

அதுல நான் பட்டது. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, அப்ப நான் இருந்த லேப்ல, டைல்ஸ் கடைலேர்ந்து வெள்ளை மார்பிள் துண்டு வாங்கி பொடிச்சு பெரிய ஜாடில போட்டு வச்சோம். பார்க்க அழகா மாவு மாதிரி இருக்கும். சலிக்கல. ஜாடி ஷெல்ஃபுல இருந்து இருந்து, பம்ப் ஓடற அதிர்வுல, நைஸ் பொடி அடியில போயிடுச்சு, குருணை மேல நின்னுடுச்சு. மேலேர்ந்து எடுத்தப்ப ஒரு ஆக்சிஜன் நம்பர், ஜாடி பாதி காலியானப்ப வேற நம்பர். வித்தியாசம் 0.15. நாங்க மெஷின் டிரிஃப்ட் ஆகுது, தானா மெல்ல நம்பர் நகருதுன்னு ஃபிலமென்ட் மாத்தினோம், ஆசிட் மாத்தினோம், ஏழு மாசம் போச்சு. அரைக்கறப்ப சூடேறினதுல நைஸ் பொடி கொஞ்சம் மாறியிருக்கணும், கல்லே ஒரே சீரா இல்லாமயும் இருந்திருக்கலாம், ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல வழியில்லாம போச்சு. அந்த ஏழு மாசத்து சாம்பிள்ல ஒரு பொண்ணோட முழு தீசிஸ் டேட்டா இருந்துது, அத்தனையும் திருப்பி ஓட்டினோம். அவ முகம் இன்னும் கண்ணு முன்னாடி இருக்கு.

அதனால: சலிங்க, ஒரே சைஸ் வரம்பை மட்டும் எடுங்க, கலக்குங்க, சின்னச் சின்ன வையலா பிரிச்சு மூடிடுங்க, ஒரு வையல் திறந்திருக்கறப்ப மத்ததைத் தொடாதீங்க. பத்து வையல்ல கண்ணை மூடிக்கிட்டு மூணை எடுத்து ஓட்டிப் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும்.

8 ஜூன், காலை 8.00

சிலிண்டர்ல இருக்கற கார்பன் டை ஆக்சைடு ஸ்டாண்டர்டு இல்ல. மெஷின் அதைத் தான் பக்கத்துல வச்சு ஒப்பிடுது, ஆனா அது ஒரு தராசுத் தட்டு மாதிரி, படிக்கல் இல்ல. உள்ள திரவம் தீரத் தீர அதோட நம்பரே நகரும்.

8 ஜூன், இரவு 9.45

மைக்ரோகிராம்ல டிரில் பண்றேன், 40 தான் கிடைக்கும்னு சொல்றீங்க. அப்ப இன்னொரு விஷயம். என்பிஎஸ் 19 மாதிரி மார்பிள் பொடிங்க நைஸ் மாவு இல்ல, குட்டி குட்டி மணிங்க. கால் மில்லிமீட்டர் மணி ஒண்ணோட எடையே 20, 30 மைக்ரோகிராம் வந்துடும். 200 மைக்ரோகிராம் எடுத்தா ஏழெட்டு மணி, சராசரியாகிடும். 40 எடுத்தா ஒண்ணோ ரெண்டோ, அந்த ஒரு மணியோட குணம் தான் உங்களுக்குத் தெரியும், பாட்டிலோட குணம் தெரியாது. சர்டிஃபிகேட்ல சொன்ன அன்சர்டெய்ன்ட்டி குறைஞ்சபட்சம் இவ்வளவு எடுத்தா தான் செல்லும்ங்கற வரி இருக்கும், அதை யாரும் படிக்கறதில்ல. பாட்டில்ல கொஞ்சத்தை எடுத்து அகேட் உரல்ல மெதுவா நுணுக்கி ஓட்டற லேப்கள் உண்டு. எனக்கு அதுல முழு மனசு இல்ல, மேல சொன்ன மார்பிள் கதைக்கு அப்புறம். நான் பண்றது நிறைய மணியைத் தனித்தனியா ஓட்டி சராசரி போடறது, நேரம் ஆகும், பரவாயில்ல.

11 ஜூன், இரவு 11.10

எல்ஸ்வெக்ங்கற ஸ்டாண்டர்டை கார்பனுக்கு வைக்கலாமான்னு கேட்டவருக்கு. இதை நான் கொஞ்சம் நீளமா எழுதித் தான் ஆகணும், ஏன்னா இது என் சொந்த நம்பர்களைத் தொட்ட விஷயம்.

எல்ஸ்வெக் ஒரு லித்தியம் கார்பனேட். ஸ்வெக்ங்கறது அயோவாவுல அதைத் தயாரிச்ச ஆய்வாளரோட பேர். முதல்ல லித்தியம் ஐசோடோப்புக்காகத் தான் வந்தது, லித்தியத்துக்கு இன்னிக்கும் அது தான் சைபர். ஆனா அதோட கார்பன் ரொம்ப லேசு, −46.6. கார்பன் ஸ்கேலோட ஒரு முனை என்பிஎஸ் 19, இன்னொரு முனை வேணுமேன்னு தேடினப்ப 2006ல இதைப் பிடிச்சு −46.6னு கட்டிட்டாங்க. ரெண்டு பக்கமும் ஆணி அடிச்ச மாதிரி. அதனால பல பழைய ஸ்டாண்டர்டோட நம்பரே மாறிச்சு. என்பிஎஸ் 22 எண்ணெய் −29.7 பக்கம் இருந்தது −30.03 ஆச்சு. பாட்டில்ல எண்ணெய் அப்படியே தான் இருக்கு, ஸ்கேல் தான் நேராச்சு. அந்த யோசனை நல்ல யோசனைன்னு நான் இன்னிக்கும் சொல்வேன், பொருள் தான் தப்பு.

ஏன்னா லித்தியம் கார்பனேட் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை மெதுவா இழுக்குது. காத்தோட கார்பன் −8 பக்கம், அது கலக்கக் கலக்க −46.6ங்கறது மேல ஏறுது. ஒரு பாட்டில் ஏறும், இன்னொண்ணு ஏறாது, எத்தனை தடவை திறந்தீங்க, எப்படி மூடினீங்கங்கறதைப் பொறுத்தது. 2017ல ஐயூபிஏசி (உலக வேதியியல் அமைப்பு) பக்கத்துலேர்ந்தே இதை இனிமே கார்பனுக்கு வைக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க.

கிருஷ்ணா கோதாவரி கடற்படுகைல மீத்தேன் கசியற இடத்துல உண்டான கார்பனேட் மேல நான் வேலை பார்த்தேன். அங்க நம்பர் −48 வரைக்கும் போகும். அவ்வளவு தூரத்துக்கு அப்ப எல்ஸ்வெக்கை விட்டா வேற ஆளே கிடையாது. என் பாட்டில் ஏழு வருஷம் பழசு, மூடில பாராஃபிலிம் சுத்தி வச்சிருந்தேன், அது போதும்னு நம்பினேன். அந்த பாட்டில் உண்மைல −46.4ல இருந்திருந்தா, நான் அதை −46.6னு சொல்லி ஸ்கேலை இழுத்தா, −48ல இருக்கற சாம்பிள் எல்லாம் 0.2 அளவுக்குக் கூடுதல் லேசா வெளிய வரும். பப்ளிஷ் பண்ணினது எல்லாம் அப்படித் தான் போயிருக்கு.

காப்பாத்தினது ரெண்டு விஷயம். மெஷின் கொடுத்த பச்சை நம்பரை, எந்தத் திருத்தமும் பண்ணாம, ரன் வாரியா தேதியோட வச்சிருந்தேன். அந்த ரன்கள்ல ஓடின இன்-ஹவுஸ் பொடி இன்னும் சீல் பண்ணின வையல்ல மிச்சம் இருந்துது. புது லேசான கார்பனேட்டுகள் வந்தப்புறம், ஐஏஇஏ-612ம் யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் துறை) 44ம், அதே பொடியைப் புதுசா அளந்து எல்லா ரன்னையும் திருப்பிக் கணக்குப் போட்டேன். என் விஷயத்துல 0.17 நகர்ந்துது. மீத்தேன் கதையோட முடிவு மாறல, ஆனா அந்த 0.17ஐ நானே கண்டுபிடிச்சு எழுதினேங்கறது எனக்குப் பெரிய நிம்மதி.

12 ஜூன், காலை 6.50

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு பெலம்னைட் தம்பி பயந்துட்டார், அப்ப 612ம் 44ம் நானும் வாங்கணுமான்னு. இல்ல. உங்க கார்பன் பெரும்பாலும் சைபரைச் சுத்தியே இருக்கும், 603 +2.46, 18 −5.01, நடுவுல நீங்க. அந்த ரேஞ்சுல ஸ்கேல் சுருக்கம் உங்களைக் கடிக்காது. −30, −40 போறவங்களுக்குத் தான் அந்தச் செலவு.

ஒரு பொது வழக்கமா எல்லாரும் எல்லாத்தையும் வாங்கி அலமாரில அடுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. இந்தப் பொடிங்க உலகத்துக்கே அளவா தான் இருக்கு. நீங்க திறக்காம வச்சிருக்கற பாட்டில் தேவைப்படற வேற ஒரு லேப்புக்குக் கிடைக்காம போன பாட்டில்.

15 ஜூன், மதியம் 3.00

தண்ணி ஐசோடோப் பார்க்கற ஒரு சகோதரி ஏரித் தண்ணிக்கு விஸ்மோ 2ங்கற தண்ணி ஸ்டாண்டர்டு மட்டும் வச்சு ஓட்டறாங்களாம். விஸ்மோ 2ம் ஸ்லாப் 2ம் ஸ்கேலோட ரெண்டு முனை. விஸ்மோ 2 சைபர், ஸ்லாப் 2 அண்டார்டிக் பனி, ஆக்சிஜன் −55.50, ஹைட்ரஜன் −427.5. நம்ம ஊர் மழையும் கிணத்துத் தண்ணியும் பெரும்பாலும் 0க்கும் −10க்கும் நடுவுல தான் கிடக்கும். விஸ்மோ 2, ஸ்லாப் 2 ரெண்டு பேரையும் தினம் எழுப்பக் கூடாது, 20 மில்லி ஆம்பூல், உடைச்சா உடைச்சது தான். உங்க லேப்புக்குன்னு மூணு தண்ணி வச்சுக்கங்க, அதை இவங்களை வச்சு கட்டுங்க.

கோடைல ஏரித் தண்ணி ஆவியாகி ஆவியாகி பாசிட்டிவ் பக்கம் போயிடும், அங்க விஸ்மோ 2க்கு மேல ஒருத்தர் வேணும். யூஎஸ்ஜிஎஸ் 50 அதுக்குன்னே பொறந்த மாதிரி, உகாண்டாவோட கியோகா ஏரித் தண்ணி, ஆக்சிஜன் +4.95, ஹைட்ரஜன் +32.8. கீழ்ப் பக்கம் யூஎஸ்ஜிஎஸ் 47, கனடாவுல லேக் லூயிஸ் குடிதண்ணி, −19.80. ரெண்டும் உங்க தண்ணியை ரெண்டு பக்கமும் அணைச்சுக்கும்.

அப்புறம் பாட்டில். தண்ணி ஸ்டாண்டர்டுக்கு எதிரி ஆவி தான். பாதி காலியான பாட்டில்ல மேல இருக்கற காத்துக்குள்ள லேசானது முதல்ல போகும், மிச்சம் கனமாகிட்டே வரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல ஆம்பூலை உடைச்சு மிச்சத்தை பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்தி ஃபிரிட்ஜுல வச்சு ஒரு வருஷம் பயன்படுத்தினாங்க. ஒரு மாவட்டத்தோட நிலத்தடி நீர் எல்லாம் உள்ளதை விட லேசா வந்துது, மழை வேற எங்கேர்ந்தோ வருதுன்னு விளக்கம் கூட எழுதிட்டாங்க. உடைச்ச அன்னிக்கே 2 மில்லி வையல்ல கழுத்து வரைக்கும் நிரப்பி கிரிம்ப் பண்ணிடுங்க. சின்ன வையல், நிறைஞ்ச வையல், ஒரு தடவை குத்தினா தூக்கிப் போடற வையல்.

18 ஜூன், இரவு 10.00

டோலமைட்டுக்கு (கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்) கல்சைட் ஸ்டாண்டர்டு வைக்கலாமான்னு ரெண்டு பேர் கேட்டாச்சு. இதுக்கு அடியில ஒரு கொள்கை இருக்கு, ஜெனாவுல வெர்னரும் பிராண்டும் 2001ல அழகா எழுதி வச்சாங்க: சாம்பிளுக்கு என்ன நடக்குதோ அதெல்லாம் ஸ்டாண்டர்டுக்கும் நடக்கணும். அதே எடை, அதே ஆசிட், அதே சூடு, அதே காத்திருப்பு. அப்ப தான் வழியில நடக்கற தப்பு ரெண்டுலயும் ஒண்ணா நடந்து அடிபட்டுப் போகும்.

ஆசிட்ல கரைக்கறப்ப கார்பனேட்ல இருக்கற மூணு ஆக்சிஜன்ல ரெண்டு தான் வாயுவா வெளிய வரும், மூணாவது உள்ளயே நின்னுடும். எது வருது எது நிக்குதுங்கறதுல ஐசோடோப் பிரியும், அந்தப் பிரிவு கல்சைட்டுக்கு ஒண்ணு, டோலமைட்டுக்கு ஒண்ணு, 25 டிகிரில ஏறத்தாழ 1 பெர் மில் வித்தியாசம். கார்பன் முழுசும் வெளிய வந்துடுது, அதனால கார்பனுக்கு இந்தத் தொல்லை இல்ல. அதனால கல்சைட் ஸ்டாண்டர்டு வச்சு டோலமைட் ஓட்டலாம், ஆனா ஆக்சிஜனுக்கு எந்தத் திருத்தம் போட்டீங்க, யாரோட நம்பர், எந்த டிகிரிக்குன்னு எழுதணும். எழுதாத டோலமைட் டேபிளை நான் இப்பல்லாம் என் வரைபடத்துல சேர்க்கறதே இல்ல.

இதுல கஷ்டமான ஆள் நம்ம சேலம் வெள்ளைக்கல், மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். கல்சைட் 70 டிகிரி ஆசிட்ல சில நிமிஷத்துல கரைஞ்சுடும், இது மணிக்கணக்கா அப்படியே உக்காந்திருக்கும். பாதி கரைஞ்சப்ப வாயுவை எடுத்தா நம்பர் தப்பு. ஸ்டாண்டர்டுக்கும் சாம்பிளுக்கும் ஒரே நடத்தைன்னு மேல சொன்னேனே, இங்க அது உடையுது, ஏன்னா கல்சைட் சில நிமிஷத்துல முடிஞ்சு மிச்ச நேரம் சும்மா நிக்கும், மேக்னசைட் இன்னும் கரைஞ்சுக்கிட்டு இருக்கும். நான் பண்ணினது: சேலம் கல்லுல சுத்தமான துண்டா பார்த்து, எக்ஸ்ஆர்டில (கனிமத்தை அடையாளம் காட்டற எக்ஸ்-ரே சோதனை) கல்சைட், டோலமைட் இல்லன்னு உறுதி பண்ணி, சலிச்சு ஒரு சொந்த மேக்னசைட் பொடி வச்சுக்கிட்டேன். நம்பர் முழுக்க சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கு ரன் நேத்து ரன்னோட ஒத்துப் போகுதான்னு அது சொல்லும். துல்லியமா சொல்ல ஆள் இல்லாதப்ப, மாறாம சொல்ற ஆளாவது வேணும்.

19 ஜூன், காலை 7.30

மேல கார்பனுக்குத் தொல்லை இல்லன்னு எழுதினது முழுசா கரைஞ்சா மட்டும். பாதில எடுத்தா கார்பனும் நம்பிக்கைக்கு இல்ல.

24 ஜூன், இரவு 9.15

கந்தகம், நைட்ரஜன் கேட்டவங்களுக்கு சுருக்கமா.

கந்தகத்துக்கு ஆதி ஸ்டாண்டர்டு அரிசோனாவுல விழுந்த கேன்யன் டயாப்லோ விண்கல்லோட ட்ராய்லைட், ஒரு இரும்பு சல்ஃபைடு கனிமம். விண்கல் கந்தகம் எல்லாம் ஒரே சீரா இருக்கும்னு நினைச்சாங்க, துண்டுக்குத் துண்டு 0.4 வரைக்கும் மாறுதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. இப்ப ஐஏஇஏ-எஸ்-1ங்கற சில்வர் சல்ஃபைடு −0.30னு கட்டியாச்சு. உங்க சாம்பிள் பேரைட், ஜிப்சம்னா சில்வர் சல்ஃபைடை மட்டும் வச்சு ஓட்டாதீங்க, எரியற விதமே வேற, என்பிஎஸ் 127 பேரியம் சல்ஃபேட் பக்கத்துல இருக்கணும். அதோட நம்பர் பழைய பேப்பர்ல 20.3, புதுசுல 21.1. ஜூன் 5ல எழுதினது இங்கயும் பொருந்தும்.

நைட்ரஜனுக்கு குளூட்டாமிக் ஆசிட் ஜோடி நல்லது. யூஎஸ்ஜிஎஸ் 40 நைட்ரஜன் −4.52, யூஎஸ்ஜிஎஸ் 41 +47.57. அந்த 41 தீர்ந்துக்கிட்டு வந்ததால 41ஏன்னு புதுசா பண்ணினாங்க, 41 ஈரமும் இழுக்கும், பழைய பாட்டில் இருந்தா டெசிகேட்டர்ல வச்சு சந்தேகத்தோட பாருங்க. சேறு, மண்ணுல நைட்ரஜன் 0.1 சதவீதம் தான் இருக்கும், சுத்தமான அமினோ ஆசிட் ஒரு சிட்டிகை வச்சு அதை ஒப்பிட்டா பீக் சைஸே பொருந்தாது, மண் மாதிரியே ஒரு மண் ஸ்டாண்டர்டு கூட வச்சுக்கங்க.

முடில ஹைட்ரஜன் பார்க்கறவருக்கு: யூஎஸ்ஜிஎஸ் 42 திபெத்தியர் முடி, யூஎஸ்ஜிஎஸ் 43 இந்தியர் முடி. முடில இருக்கற ஹைட்ரஜன்ல ஒரு பங்கு லேப் காத்தோட ஈரத்துல மாறிக்கிட்டே இருக்கும், சென்னைல ஆடில ஒண்ணு, தைல ஒண்ணு. முடிக்கு முடியை வச்சா ரெண்டும் ஒண்ணா மாறும், எண்ணெயையோ பிளாஸ்டிக்கையோ வச்சா மாறாது. வெர்னர், பிராண்ட் சொன்னதை இதை விட நல்லா காட்டற உதாரணம் எனக்குக் கிடைக்கல.

2 ஜூலை, இரவு 10.35

பெலம்னைட் தம்பி முதல் ரன் அனுப்பியிருக்கார். 603 எட்டு, 18 ஆறு, அவரோட சொந்தப் பொடி பத்து, சாம்பிள் 52. கைடே 603க்கும் 18க்கும் கையெழுத்துப் போட்டுட்டாராம், கணக்கை முன்னாடி வச்சதும் மறுபேச்சு இல்லயாம். அந்தப் பெரிய மனசுக்கு என் வணக்கம்.

டேபிளைப் பார்த்தேன். 18க்கு −23.2ன்னு தலைப்புலயே போட்டிருக்கீங்க, நல்லது. ரெண்டு விஷயம். சொந்தப் பொடி பத்தையும் ரன்னோட ஆரம்பத்துலயே வச்சுட்டீங்க, அடுத்த தடவை பரத்தி வைங்க, கடைசி வையல் வரைக்கும், இல்லன்னா மத்தியான நேரத்து டிரிஃப்ட் தெரியாது. அதை வச்சே நார்மலைஸ் பண்ணிட்டு அதையே செக்குக்கும் காட்டியிருக்கீங்க, அது தன் வீட்டுப் பிள்ளைக்குத் தானே மார்க் போடறது, செக் பண்றது தனி ஆளா இருக்கணும்.

23வது சாம்பிள் ஆக்சிஜன் −9.4, மத்ததெல்லாம் −4 பக்கம். ஸ்டாண்டர்டு அன்னிக்கு ஒழுங்கா தான் இருக்கு, அதனால இது கல்லு சொல்ற சேதி. அந்தத் துண்டை வெட்டின முகத்தை மைக்ரோஸ்கோப்ல பாருங்க, நடுக்குழாய் பக்கத்துல சிமெண்ட்டைச் சேர்த்து டிரில் பண்ணியிருப்பீங்கன்னு நினைக்கறேன். உங்க சொந்தப் பொடில ரெண்டு வையல் எனக்கு அனுப்புங்க, எங்க மெஷின்லயும் ஓட்டிப் பார்க்கறேன். மூடி மேல இல்ல, வையல் உடம்புல பேரும் தேதியும் எழுதுங்க, மூடி மாறிடும்.